காகம் சேவலின் குஞ்சுகளில் வெள்ளை இறகு: எதைக் கழிப்பது, எதை வைப்பது?

கரூர் பஞ்சாரம்:

எல்லாருக்கும் வணக்கம். கிளிமூக்கு விசிறிவால் (கிளி மாதிரி வளைந்த மூக்கும் விசிறி மாதிரி வாலும் உள்ள அசில் கோழி) வளர்க்க ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகிறது. சண்டைக்கு இல்லை, கண்காட்சிக்கு மட்டும். டெக்ஸ்டைல் வேலை, வீட்டு மொட்டை மாடியில் நாலு கூண்டு, அவ்வளவுதான் என் பண்ணை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஒரு காகம் சேவல் வாங்கினேன். உச்சி முதல் வால் வரை கருப்பு, வெயிலில் நின்றால் பச்சை மினுங்கும். மூக்கு நல்ல வளைவு, வால் தரையில் இழையும். வாங்கிய விலையை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. மூன்று கருப்புப் பெட்டைகளோடு விட்டேன். முட்டையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து இன்குபேட்டரில் வைத்தேன். 19 குஞ்சு தேறின.

மூன்றாம் மாதம் பார்த்தால் ஏழு குஞ்சுக்கு இறக்கை நுனியில் வெள்ளை! மனசே விட்டுப் போயிற்று. இப்போது ஏழு மாதம். ஏழில் மூன்று தானாகக் கருப்பாகிவிட்டன. மீதி நாலு இப்படி இருக்கின்றன: ஒரு விடைக்கு (இளம் பெட்டை) கழுத்து, மார்பு, இறக்கை எல்லா இடத்திலும் இறகு நுனியில் சுண்ணாம்பு தொட்ட மாதிரி வெள்ளை. இரண்டு பட்டாவுக்கு (இளம் சேவல்) மார்பிலும் வாலிலும் அதே மாதிரி நுனி வெள்ளை. நாலாவது பட்டாவுக்கு வலது இறக்கையில் ஒரே ஒரு இறகு முழு வெள்ளை. இது போக, நிறத்தில் குறையில்லாத ஒரு பட்டாவுக்கு வால் இடது பக்கம் சாய்ந்தே இருக்கிறது.

வைட்டமின் கொடுத்தால் சரியாகுமா? சேவலையே மாற்ற வேண்டுமா? அந்த வெள்ளை விடையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.


ஆத்தூர்க்காரன்:

தம்பி, யோசிக்கவே வேண்டாம். வெள்ளை விழுந்தது எல்லாத்தையும் கறிக்குத் தள்ளுங்கள். முதலில் அந்த விடை. சேவலைக் கொடுத்துவிட்டு வேற லைனில் புதுச் சேவல் எடுங்கள். ஒன்றிரண்டு வெள்ளை இறகு என்றால் கண்காட்சிக்கு முன்னால் பிடுங்கிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள், நான் பார்த்திருக்கிறேன்.


வேடசந்தூர் பழைய பட்டா:

தம்பி, அந்த விடையைக் கறிக்குத் தள்ளாதே. இதைப் படித்து முடிக்கும்வரை யாருக்கும் கொடுக்காதே. உன் மாடியில் இப்போது அதுதான் விலை மதிப்பான உருப்படி. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

முதலில் உன் நாலு குஞ்சும் ஒரே கேஸ் இல்லை. வெள்ளை என்றாலே ரத்தத்தில் கோளாறு என்று நினைக்கிறோம். இறகைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதுவே கதை சொல்லும்.

கருப்பு இனத்துக் குஞ்சு முழுக் கருப்பாகப் பொரிக்காது. வயிறு வெளுப்பாக இருக்கும், இறக்கை நுனி வெளுப்பாக இருக்கும். முதல் இறக்கை இறகுகளிலும் அந்த வெள்ளை வரும். வெளிநாட்டு ஆஸ்ட்ரலார்ப் கருப்புக் கோழிக்கும் இதே கதைதான். குஞ்சு இறகு விழுந்து பெரிய இறகு வரும்போது போய்விடும். உன் மூன்று குஞ்சு தானாகக் கருப்பானது அதனால்தான். மூன்றாம் மாதத்தில் பயந்துபோய்க் கழித்திருந்தால் நல்ல உருப்படி மூன்று குழம்பாகி இருக்கும். நானே அப்படிக் கழித்திருக்கிறேன், கணக்குச் சொல்ல வெட்கம்.

அடுத்தது அந்த ஒற்றை இறகு. ஒரு பக்கம் மட்டும், ஒரே இறகு, அடி முதல் நுனி வரை வெள்ளை. இது பெரும்பாலும் அடிபட்ட இடம். கூண்டுக் கம்பியில் மாட்டியிருக்கும், இன்னொரு பட்டா கொத்தியிருக்கும். இறகு முளைக்கிற குழி கெட்டுப்போனால் நிறம் ஏறாது, ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் வெள்ளையாகவே முளைக்கும். குஞ்சுக்கு இறங்காது. கண்காட்சியில் அது குறைதான், ஆனால் வம்சத்துக்குக் குறை இல்லை. ஆத்தூர் அண்ணன் சொன்ன பிடுங்கல் வேலையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். திரும்பத் திரும்பப் பிடுங்கினால் குழி இன்னும் கெடும், நல்ல கருப்பு இறகு இருந்த இடத்திலும் வெள்ளை வரும். அமெரிக்கா, இங்கிலாந்து கண்காட்சிகளில் இதை ஏமாற்று என்றே வைத்து பறவையை வெளியே அனுப்பிவிடுவார்கள்.

மூன்றாவது தீனிக் குறை, உடம்புக் குறை. இறகு வளர்கிற சமயத்தில் நோய் வந்தாலும் சத்துக் குறைந்தாலும் அந்த நாட்களில் வளர்ந்த பகுதி மட்டும் வெளுக்கும், இல்லை என்றால் மெலிந்து கோடு விழும். அது எல்லா இறகிலும் ஒரே மட்டத்தில் வரும், கிணற்றுச் சுவரில் தண்ணீர் நின்ற தடம் மாதிரி. வான்கோழிக்கு லைசின் குறைந்தால் இறக்கையில் வெள்ளைப் பட்டை விழுவது இந்தக் கணக்குத்தான். உன்னுடைய 19 குஞ்சும் ஒரே தீனி தின்றவை, வெள்ளையோ நுனியில் மட்டும், அதுவும் சிலதுக்கு மட்டும். அதனால் தீனி இல்லை. வைட்டமின் பாட்டிலுக்குக் காசு போடாதே. முளைத்து முடிந்த இறகு நம் நகம் மாதிரி, உயிரில்லாதது. இன்றைக்கு என்ன ஊற்றினாலும் அடுத்த தடவை இறகு உதிர்ந்து முளைக்கும்போதுதான் தெரியும்.

மிச்சம் அந்த விடையும் இரண்டு பட்டாவும். உடம்பு முழுக்க, இரண்டு பக்கமும், ஒவ்வொரு இறகின் நுனியிலும் வெள்ளை. இது பிறவிக் குணம். வருஷத்துக்கு வருஷம் கூடும். அடுத்த இறகு உதிர்வுக்குப் பிறகு பார், இன்னும் பெரிய புள்ளியாக வரும்.

இந்தக் குணம் ஒளிந்து வருவது. தாய் ஒன்று, தகப்பன் ஒன்று என்று இரண்டு பக்கமும் வந்து சேர்ந்தால்தான் வெளியே தெரியும். ஒரு பக்கம் மட்டும் வந்தால் பறவை முழுக் கருப்பாகவே இருக்கும், கண்காட்சியில் பரிசுகூட வாங்கும். ஆக உன் சேவல் ஒளித்து வைத்திருக்கிறது, சந்தேகமே இல்லை. மூன்று பெட்டையில் ஒன்றாவது ஒளித்து வைத்திருக்கிறது. எது என்று தெரியாது, ஏனென்றால் நீ முட்டையைக் கலந்துவிட்டாய். இனிமேல் முட்டை எடுக்கும்போதே பென்சிலால் பெட்டை நம்பர் எழுது. ஸ்கெட்ச் பேனா வேண்டாம். குஞ்சு பொரித்ததும் காலில் கலர் கேபிள் டை, காலுக்கும் டைக்கும் நடுவே இடம் விட்டு. வளர வளர மாற்றாவிட்டால் காலை அறுத்துவிடும்.

இப்போது என் கதை. மில்லில் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே வளர்த்த காலம். என்னிடமும் ஒரு காகம் இருந்தது. திண்டுக்கல் கண்காட்சியில் மேசைமேல் ஏற்றினால் கூட்டம் கூடும். வருஷா வருஷம் குஞ்சில் நாலைந்து வெள்ளை நுனியோடு வரும். நான் என்ன செய்தேன்? வெள்ளை விழுந்ததையெல்லாம் உடனே கழித்தேன், சுத்தமான அக்கா தங்கச்சிகளை வைத்து மறுபடி குஞ்சு எடுத்தேன். நாலு வருஷம். ஒரு வருஷமும் குறையவில்லை. ஒளித்து வைத்திருக்கும் இரண்டைச் சேர்த்தால், கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிகிற குஞ்சு மூன்றில் இரண்டு மறுபடி ஒளித்து வைத்திருக்கும். திருடனை வீட்டில் வைத்துக்கொண்டு சாட்சியை வெட்டிக்கொண்டிருந்தேன் நான்.

அப்புறம் ஒரு நாள் சந்தையில், எல்லாரும் சிரிக்கிற மாதிரி புள்ளி விழுந்த ஒரு பெட்டையை 800 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். வீட்டம்மா, "இதை எதுக்கு, கண்ணு படாம இருக்கவா?" என்று கேட்டாள். அதற்கு உரைகல் என்று பெயர் வைத்தேன். தட்டான் கடையில் உரைகல்லை யாரும் அழகு பார்ப்பதில்லை, ஆனால் அது இல்லாமல் தங்கம் வாங்க மாட்டான்.

வேலை இதுதான். புள்ளிப் பெட்டையிடம் அந்தக் குணம் இரண்டு பக்கமும் இருக்கிறது, கொடுக்கிறது அதைத்தான். நீ சந்தேகப்படுகிற சேவலை அதோடு விடு. சேவல் ஒளித்து வைத்திருந்தால் குஞ்சில் பாதிக்குப் பாதி வெள்ளை வரும், காசு சுண்டிப் போடுகிற மாதிரி. சேவல் சுத்தம் என்றால் ஒன்றுகூட வராது. ஏழு குஞ்சு வளர்ந்து ஏழும் கருப்பாக நின்றால் அந்தச் சேவலை நம்பலாம். ஏழு தடவை சுண்டி ஏழு தடவையும் தலையே விழுவது 128-இல் ஒரு தடவைதான். உரைகல் இல்லாமல், ஒளித்து வைத்திருக்கும் பெட்டையோடு சோதித்தால் நாலுக்கு ஒன்றுதான் வெளியே வரும். ஏறக்குறைய அதே நம்பிக்கை வர 16 குஞ்சு வேண்டும். நம் பெட்டை ஒரு ஈட்டுக்கு 10, 12 முட்டைதான். அதிலும் கருப்புக் குஞ்சை ஆறு மாதம் வளர்த்தால்தான் உண்மை வெள்ளையா குஞ்சு வெள்ளையா என்று தெரியும். 16 உருப்படிக்கு ஆறு மாதம் கம்பும் சோளமும் என்ன ஆகும் என்று நீயே போட்டுப் பார். இதனால்தான் சொன்னேன், அந்த விடையைக் கொடுக்காதே என்று.

இரண்டு வெள்ளைப் பட்டாவில் ஒன்றையும் வை. மூன்று பெட்டைகளையும் சோதிக்க அவன்தான். பெட்டை ஒன்றுக்கு ஏழு குஞ்சு.

வால் சாய்ந்த பட்டாவை மட்டும் யோசிக்காமல் ஒதுக்கு. ஆனால் அதற்கு முன் ஒன்று பார். கூண்டு குறுகலாக இருந்தால் நீள வால் சுவரில் இடித்து ஒரு பக்கம் வளைந்துபோகும், அது இறகு வளைவு. பட்டாவைத் திறந்த இடத்தில் விட்டு, மேலே நின்று பார். கையைத் தட்டி மிரட்டு. மிரளும்போது வாலை நேராக்கினால் கூண்டுக் கோளாறு. அப்போதும் அடி வால் எலும்போடு சாய்ந்தே நின்றால் முதுகெலும்புக் கோளாறு. அதுவும் நேரான தாய் தகப்பனிடமிருந்து ஒளிந்து வருவதுதான், ஆனால் வெள்ளை நுனி மாதிரி நாலுக்கு ஒன்று, பாதிக்குப் பாதி என்று கணக்குப் போட முடியாது. விசிறிவால் இனத்தில் அதை வம்சத்தில் விட்டால் அப்புறம் விசிறிக்கு என்ன மரியாதை.


கரூர் பஞ்சாரம்:

அண்ணே, ரொம்ப நன்றி. ஆனால் ஒரு சிக்கல். உங்கள் பதிலைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அந்த விடையைக் குளித்தலை மாமாவிடம் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை விருந்து. போன் போட்டுக்கொண்டே இருக்கிறேன், எடுக்கவில்லை.

இன்னொன்று. சேவலை என்ன செய்ய? அவன் வால் மாதிரி வால் இந்தப் பக்கம் யாரிடமும் இல்லை.


கொக்கு வெள்ளை:

நான் வெள்ளை வளர்ப்பவன், கருப்புக்காரர்கள் படும் பாடு எனக்கு இல்லை, என் பாடு வேறு. இறகு முளைக்கிற நேரத்தில் மஞ்சள் மக்காச்சோளம் கொடுத்தால் என் வெள்ளை பழைய வேட்டி மாதிரி ஆகிவிடும். வெயிலும் அப்படியே. அதனால் இறகு உதிர்ந்து முளைத்து முடியும் வரை கம்பு, வெள்ளைச் சோளம், நிழல் கூண்டு. இதைப் பிறவிக் குறை என்று நினைத்து ஒரு நல்ல பெட்டையை விற்றுவிட்டேன். வாங்கினவர் வீட்டில் அது அடுத்த வருஷம் பால் மாதிரி வெளுத்து நின்றது. கருப்புக்கும் வெயில் ஆகாதுதானே அண்ணே? எதிர் வீட்டுக் காகம் கோடையில் துருப்பிடித்த மாதிரி பழுப்பாகிறது.


வேடசந்தூர் பழைய பட்டா:

ஆமாம், வெயிலில் கருப்பு பழுக்கும். அது முதுகிலும் இறக்கை மேலும் மட்டும் வரும். இறக்கையைத் தூக்கிப் பார்த்தால் வெயில் படாத உள் இறகு நல்ல கருப்பாகவே இருக்கும். கழுத்து இறகிலும் இடுப்பு இறகிலும் சிவப்பு ஓடினால் அது வேறு விஷயம். கருப்பையும் சிவப்பு ஓடும் கீரி நிறத்தையும் எப்போதோ யாரோ சேர்த்திருக்கிறார்கள். பட்டாவில்தான் நன்றாகத் தெரியும், அக்கா தங்கச்சிகள் அநேகமாகக் கருப்பாகவே நிற்பார்கள். அசில் என்ற சொல்லுக்கே கலப்பில்லாதது என்றுதான் பொருள், சந்தையில் அதைச் சொல்லிப் பார், சிரிப்பார்கள்.

கரூர் தம்பி, சேவலைக் கொடுக்காதே. அவனிடம் ஒரு குறைதான் ஒளிந்திருக்கிறது, வாலும் மூக்கும் வெளியிலேயே இருக்கிறது. புதுச் சேவல் எடுத்தால் அவனிடம் என்ன ஒளிந்திருக்கிறது என்று உனக்கும் தெரியாது, விற்றவனுக்கும் தெரியாது. மூன்று பெட்டையில் எது சுத்தம் என்று வெள்ளைப் பட்டாவை வைத்துக் கண்டுபிடி. சுத்தமான பெட்டையோடு இந்தச் சேவலைச் சேர். வருகிற பட்டாக்களில் வெள்ளை ஒன்றுகூட வராது, ஆனால் பாதிப் பேர் ஒளித்து வைத்திருப்பார்கள். வாலும் மூக்கும் நல்லதாக உள்ள நாலு பேரை எடுத்து உரைகல்லோடு ஒவ்வொருவனாக விடு. நாலு பேரும் மாட்டிக்கொள்வது 16-இல் ஒரு தடவைதான். தப்பியவன் உன் அடுத்த சேவல். அப்போது தகப்பனுக்கு ஓய்வு கொடு. இரண்டு மூன்று வருஷ வேலை, இல்லை என்று சொல்லவில்லை.

அப்பன் மகள் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சேர்க்காதே. ஒளிந்தது வெளியே வரும் என்பது சரி, ஆனால் பொரிப்பும் குறையும், குஞ்சும் நோஞ்சானாகும். இடம் இருந்தால் மூன்று கூண்டாகப் பிரி. பெட்டைகள் அவரவர் கூண்டிலேயே இருக்கட்டும், ஒன்றாம் கூண்டுப் பட்டா இரண்டாம் கூண்டுக்கு, இரண்டாவது மூன்றுக்கு, மூன்றாவது ஒன்றுக்கு. வருஷா வருஷம் அதே சுற்று.

விற்கும்போது சொல்லி விற்று விடு. "இது ஒளித்து வைத்திருக்கலாம்" என்று சொன்னால் 500 ரூபாய் குறையும், போகட்டும். எனக்கு யாரும் சொல்லாததால் நாலு வருஷம் போயிற்று.

மாமா போனை எடுத்தாரா?


ஆத்தூர்க்காரன்:

நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் தம்பி. எனக்குத் தெரியாது, நாங்கள் எல்லாம் அப்படித்தான் கழிப்போம். பழைய பட்டா அண்ணே, ஒரு சந்தேகம். சேவலை மாற்றியதும் அடுத்த நாளே முட்டையை அடைக்கு வைக்கலாமா?


வேடசந்தூர் பழைய பட்டா:

நல்ல வேளை கேட்டீர்கள், இதை எழுத மறந்துவிட்டேன். கூடவே கூடாது. சேவலைப் பிரித்த பிறகும் இரண்டு மூன்று வாரம் வரை பெட்டை பழைய சேவலின் கருவோடுதான் முட்டை இடும். அதை அடைக்கு வைத்தால் யார் குஞ்சு என்றே தெரியாமல் மொத்தச் சோதனையும் வீண். நான் 28 நாள் விடுவேன், அதற்குப் பிறகு இடுகிற முட்டைக்குத்தான் பென்சில். அதுவரை இடுவது எல்லாம் சமையலுக்கு. அந்த விடை ஏழு மாசமும் காகத்தோடுதான் இருந்ததா, தனியாக இருந்ததா? முட்டை வைத்ததா?


கரூர் பஞ்சாரம்:

மாமா எடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு பிராய்லர் போட்டுவிட்டார்களாம். "உன் கோழி வெறும் எலும்பு, இன்னும் ஒரு மாசம் தீனி போட்டுப் பார்க்கலாம்னு விட்டேன்" என்றார். இன்று காலை பைக்கில் போய் சாக்கில் போட்டுக் கொண்டுவந்துவிட்டேன். பதிலுக்கு வால் சாய்ந்த பட்டாவைக் கொடுத்தேன். நீங்கள் சொன்னபடி மிரட்டிப் பார்த்தேன், சாய்ந்தேதான் நின்றது.

மாமாவிடம் கொடுக்கும் வரை விடை எல்லாரோடும் ஒன்றாகத்தான் இருந்தது அண்ணே. இப்போது தனிக் கூண்டு. காலில் சிவப்பு டை, நோட்டில் முதல் பக்கத்தில் "உரைகல்" என்று எழுதியாயிற்று. உங்களிடம் கேட்காமலே பெயரை எடுத்துக்கொண்டேன். மாமா வீட்டில் இரண்டு நாள் முன்னால் முதல் முட்டை வைத்ததாம், இங்கே வந்து இறங்கியதும் இரண்டாவது. சின்னதாக, புறா முட்டைக்கு அக்கா மாதிரி. 28 நாள் கணக்கு இன்றிலிருந்து. முட்டை ஆம்லெட் ஆகிவிட்டது.